வால் மாதிரி ஒரு சத்தம்

எலியேசர் மாஸ்டரின் ஒரு கால் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இன்னொரு கால் இந்தப் பக்கம். நடுவில் நாலாக மடித்துப் போட்ட கோணிச் சாக்கு. சாக்குக்கு அடியில் வரிசையாகப் பதித்த சோடா பாட்டில் சில்லு. நாலு மடிப்பு போதுமா என்பதை மாஸ்டர் தன் உடம்பின் மிகவும் அந்தரங்கமான பகுதியால் கணித்துக்கொண்டிருந்தார்.

"இறங்கிடுங்க சார். மாட்டினா போலீஸ் கேஸ்," என்றான் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற சம்பத். குரோம்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை சேல்ஸ்மேன். மஸ்கட் போவதற்காக மாஸ்டரிடம் இங்கிலீஷ் படிக்கிறவன்.

"உள்ளே ஒரு உயிர் போய்க்கிட்டிருக்கு சம்பத்."

"உயிர்னு யாரு சார் சொன்னாங்க? நோட்டுல ஒரே ஒரு வரி."

"வரி சரியா இருக்கே. அதுதான் பயமா இருக்கு."

"ஏறுறதுதான் ஏறுறீங்க, பின்பக்கமா ஏறியிருக்கலாம். அங்க கண்ணாடி கிடையாது."

மாஸ்டர் மதில் மேலிருந்தபடியே அவனைப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

சம்பத் சைக்கிள் பெல்லை விரலால் துடைத்தான். "பொதுவா இருக்காது சார்."

அஸ்தினாபுரம். 1989, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. டி.வி.யில் புராணத் தொடர் ஓடும் நேரம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. டி.வி. இல்லாத ஒரே வீடு எதிர் வீடு. அங்கே மீன் விற்கும் அஞ்சம்மாள் குடியிருந்தாள். பார்க்க வேறு நிகழ்ச்சி இல்லாததால் மாஸ்டரைப் பார்க்க வந்துவிட்டாள்.

"இன்னா சார், தேங்காவா?"

"தேங்கா இல்லம்மா. உள்ளே ஆள் மாட்டிக்கிட்டிருக்கு."

"யாரு கீறா உள்ள? ஓனரு வியாயக்கெழமையே திருப்பதி போய்ட்டாரு. கேட்டு பூட்டிக்கீது பாரு."

"நீங்க ஏதாவது சத்தம் கேட்டீங்களா?"

"மொதல் நாளு கேட்டுச்சு. தொம்மு தொம்முனு. எவனோ தேங்கா உரிச்சிகினு கீறான்னு வுட்டேன். அப்பால கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சி போச்சு."

மாஸ்டர் மதில் மேலிருந்து குனிந்தார். "கொஞ்சம் கொஞ்சமாவா? திடீர்னு நிக்கலையே?"

"திடீர்னு எங்க நின்னுச்சு? தேஞ்சிகினே போச்சு சார்."

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அஞ்சம்மாளுக்கு மாஸ்டர் மனசுக்குள் பத்துக்குப் பத்து போட்டார். அவர் வகுப்பில் ஏழு பேர் திணறிய விஷயத்தை இவள் தெருவில் நின்று சொல்லிவிட்டாள்.

தாம்பரம் மேற்கில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஒரே அறை. மரப்படி. படியேறியதும் பலகை: 'எலியேசர் ஸ்போக்கன் இங்கிலீஷ்'. தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் லண்டனுக்கும் ஹாம்பர்க்குக்கும் கடிதம் எழுதிவிட்டு வெளியே வந்தவர் நடத்தும் வகுப்பு.

வாரத்துக்கு ஒரு சொற்றொடர். புதன்கிழமை கொடுப்பார். சனிக்கிழமை நோட்டை வாங்குவார். விதிகள் மூன்று. சொற்றொடருக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட வேண்டும். நோட்டில் காகிதம் கிழிக்கக் கூடாது. மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது: எழுதுகிற வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். உன் வீடு, உன் தெரு, இந்த வாரம் நடந்தது. 'ராமன் ஒரு நல்ல பையன்' என்ற கதையெல்லாம் செல்லாது.

உண்மைதானா என்று பார்க்க மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுப்பார். வாரம் ஒரு வாக்கியம். கேசவன் என்ற மாணவன் தன் ஸ்கூட்டர் 'பிரேக் டவுன்' ஆகிவிட்டதாக எழுத, மாஸ்டர் வண்டலூர் வரை மிதித்துப் போய், வீட்டு வாசலில் அந்த ஸ்கூட்டரை ஒரே உதையில் கிளப்பிக் காட்டி, சைபர் போட்டுவிட்டுத் திரும்பினார். கேசவனின் மாமனார் அப்போது அந்த ஸ்கூட்டரைத்தான் கடன் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் என்பது தனிக் கதை.

இப்படி ஒரு வாத்தியாரிடம் கூட்டம் எத்தனை நாள் நிற்கும்? ஜனவரியில் முப்பத்தொன்று. மார்ச்சில் பத்தொன்பது. ஜூன் முடிவில் ஏழு.

அறையின் சொந்தக்காரர் பக்தவச்சலம். ஒரு காலத்தில் நெல் விளைந்த அப்பா வழி நிலத்தில் இப்போது வாடகை விளைவிக்கிறவர். தாம்பரத்தில் நாலு கட்டடம், அஸ்தினாபுரத்தில் தென்னையோடு ஒரு காலி வீடு. ஜூலை பிறந்ததும் படியேறி வந்து பெஞ்சுகளை எண்ணினார்.

"மாஸ்டர், ஏழு பேருக்கு இத்தனை பெஞ்சு எதுக்கு? சிட்டிபாபு வீடியோ லைப்ரரி வெக்கணும்னு கேக்கறான். வர்ற திங்கக்கிழமை, ராகுகாலம் முடிஞ்சு ஒன்பது மணிக்கு அவன் கையில சாவி. அதுக்குள்ள பத்து பேர் காட்டினீங்கன்னா ரூம் உங்களுது."

பத்து பேருக்கு மாஸ்டர் எங்கே போவார்? ஏழு ஆறாகாமல் இருந்தால் போதும் என்று இருந்தார். அறை போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் மாஸ்டருக்குப் பேச ஆள் கிடையாது. வீட்டில் இருப்பது ஒரு ரேடியோ. அது தன் இலக்கணத்தை அவர் திருத்தவும் விடாது.

அந்த வாரம் புதன்கிழமை அவர் பலகையில் எழுதிய சொற்றொடர், 'டெயில் ஆஃப்'.

"பல்லி வாலைப் பாருங்க," என்றார். "உடம்புகிட்ட தடிமன். போகப் போக மெல்லிசு. எந்த இடத்துல முடியுதுன்னு விரல் வெச்சுச் சொல்ல முடியுதா? அதான் டெயில் ஆஃப். கரண்ட் கட் ஆனா ஃபேன் நிக்குது பாருங்க, அது. ஃபேனைப் பிடுங்கிக்கிட்டுப் போனா அது இல்ல."

"எதுக்கெல்லாம் சார் போடலாம்?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ வைத்திருந்தவள். வகுப்பில் முதல் மார்க் அவளுக்குத்தான்.

"மழைக்குப் போடலாம். வியாபாரத்துக்கு. பேச ஆரம்பிச்சு முழுங்குறான் பாரு, அந்தப் பேச்சுக்கு. பெருங்களத்தூர்ல பஸ்ஸுக்கு நிக்கிற பொங்கல் கூட்டம் ராத்திரிக்குள்ள கரையுதே, அதுக்கு. ஆளுக்கு மட்டும் போடாதீங்க. மனுஷன் டெயில் ஆஃப் ஆக மாட்டான். அவன் சத்தம்தான் ஆகும்."

"நம்ம கிளாஸுக்குப் போடலாமா சார்?" என்றான் சம்பத்.

மாஸ்டர் சாக்பீஸைப் பார்த்தார்.

"போடலாம்," என்றார். "உண்மைதானே."

சனிக்கிழமை ஏழு நோட்டும் வந்தன. ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன், காபியோடு திருத்த உட்கார்ந்தார். முதலில் எரிச்சல் வந்தது. ஏழு நோட்டிலும் நடுப்பக்கத்து ஸ்டேப்ளர் பின் தளர்ந்திருந்தது. ஏழிலும் ஒரு தாள் குறைந்தது. ஏழிலும் 'காகிதம் கிழித்ததற்குப் பத்து மார்க் குறைப்பு' என்று சிவப்பில் எழுதிக்கொண்டே வந்தார். சம்பத்தின் நோட்டு வழக்கம்போல முழுக்கப் பெரிய எழுத்து. ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி மேல் எழுதிப் பழகிய கை. அவனுக்குச் சின்ன எழுத்தே வராது.

கடைசியாக சாமுண்டீஸ்வரியின் நோட்டு. ஒரே வாக்கியம். சுத்தமான இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பூட்டிய வீட்டின் குளியலறையிலிருந்து வரும் தட்டும் சத்தம், வியாழக்கிழமையிலிருந்து டெயில் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது.'

மாஸ்டர் பத்து மார்க் போட்டார். போட்ட பிறகுதான் அர்த்தம் மண்டையில் இறங்கியது.

நின்றுவிட்டது என்று அவள் எழுதவில்லை. தட்டுவது பூனையோ குழாயோ என்றால் ஒரே மாதிரி தட்டும், இல்லாவிட்டால் நிற்கும். மெலிந்துகொண்டே போகிறது என்றால் தட்டுகிற கை மெலிந்துகொண்டே போகிறது. இன்னும் முடியவில்லை. வால் நுனி பாக்கி இருக்கிறது.

காபி ஆறியது. மாஸ்டர் சைக்கிளில் இருந்தார்.

தெருமுனையில் சம்பத் நின்றிருந்தான். தற்செயலாக நிற்பதாகச் சொன்னான். கூடவே ஓடி வந்தான். அஸ்தினாபுரத்தில் சாமுண்டீஸ்வரியின் வீடு பூட்டியிருந்தது. குடும்பமே யார் வீட்டுக்கோ டி.வி. பார்க்கப் போயிருந்தது. சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்கு வந்து, பூட்டிய வீட்டின் கேட்டைப் பார்த்ததும் மாஸ்டர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

கேட்டில் 'பக்தவச்சலம்' என்று எழுதியிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் சம்பத். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நம்ம ரூம் தலையெழுத்து இவர் கையில. இன்னைக்கு நீங்க இவர் வீட்டு மதில்ல ஏறுறீங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னு வைங்க, ரூமும் போச்சு, மானமும் போச்சு."

"போலீஸுக்குப் போகலாம்."

"போய் என்னன்னு சொல்லுவீங்க?"

மாஸ்டர் யோசித்தார். ஸ்டேஷன் ரைட்டருக்கு டெயில் ஆஃப் என்றால் என்னவென்று விளக்கி முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் வால் முடிந்துவிடும்.

"கேரியர்ல இருக்கிற சாக்கை எடு," என்றார்.

இதோ, அந்தச் சாக்கு மேல்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

"சார், தள்ளி வுடட்டுமா?" என்று அஞ்சம்மாள் உதவ முன்வந்தாள். அந்தப் பயத்திலேயே மாஸ்டர் குதித்துவிட்டார். பேண்ட்டின் ஒரு பகுதி குதிக்கவில்லை. அது மதில் மேலேயே கொடி மாதிரி நின்றுவிட்டது.

தென்னை மரங்களைத் தாண்டி ஓடினார். கொல்லைப்புறம், பின் மதிலை ஒட்டித் தனியாக ஒரு பாத்ரூம். தகரக் கதவு. வெளியே தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மாஸ்டர் கதவில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. முட்டியால் மெதுவாகத் தட்டினார்.

"உள்ளே யாரு? உயிரோட இருக்கீங்களா?"

ஓர் ஏப்பம் கேட்டது. பிறகு, நிதானமான குரல்.

"வெச்சுட்டுப் போப்பா. இன்னைக்கு என்னா, தேங்கா பன்னா?"

மாஸ்டர் தாழ்ப்பாளை இழுத்தார். கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல், இடுப்பில் துண்டோடு, பளபளவென்று உட்கார்ந்திருந்தார் பக்தவச்சலம். நாலு நாளில் எத்தனை குளியல் போட்டாரோ, முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இளைத்த மாதிரி தெரியவில்லை. துண்டின் முடிச்சு இன்னும் கொஞ்சம் துண்டு கேட்டது.

ஆள் அப்படியே இருந்தார். சத்தம் மட்டும்தான் குறைந்திருந்தது. தன் பாடம் இத்தனை துல்லியமாக நிரூபணம் ஆகும் என்று மாஸ்டர் எதிர்பார்த்ததில்லை.

"மாஸ்டர்? நீங்க எங்க இங்க? பேண்ட்டு எங்க மீதி?"

"நீங்க திருப்பதி போகலையா?"

"கெளம்பினவன்தான். மரத்தைப் பாத்துட்டு, நம்ம கெணத்துத் தண்ணியில ஒரு முழுக்கு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். தேங்காத் திருடனுங்க தொல்லை, அதனால கேட்டை உள்பக்கமா பூட்டிட்டேன். குளிச்சுக்கிட்டே பாடிக்கிட்டு இருந்தேன். கதவைத் தள்றேன், வரல. காத்துல தாழ்ப்பா விழுந்துடுச்சு."

மாஸ்டர் தாழ்ப்பாளைப் பார்த்தார். பக்கவாட்டில் தள்ளி, கீழே மடக்கிப் போடுகிற தாழ்ப்பாள். அதைக் காற்று போட வேண்டுமானால் காற்றுக்குக் கட்டைவிரல் வேண்டும்.

"மொதல் நாள் உயிரைக் குடுத்துக் கத்தினேன் மாஸ்டர். ஒதைச்சேன். சாயந்திரம் மேல அந்த ஜன்னல் வழியா ஒரு பொட்டலம் விழுந்துது. பன்னு, ரெண்டு வாழைப்பழம். யாருன்னு கேட்டேன். பதில் இல்ல. மறுநாள் காலைல இன்னொண்ணு. கத்தினாலும் வருது, கத்தலைனாலும் வருது. அப்புறம் எதுக்குக் கத்தணும்? நேத்து சும்மா வாய்விட்டு, தேங்கா பன்னு கெடைச்சா நல்லாருக்கும்னு சொன்னேன். வந்துடுச்சு." அவர் கை கூப்பினார். "நான் அவரைப் பாக்கக் கெளம்பினேன். அவரே வந்துட்டாரு."

"யாரு? பெருமாளா?"

"பின்ன? என் சம்சாரம் ரமாகூட வேளாவேளைக்கு இப்படிப் போட்டது கெடையாது."

பக்கெட்டுக்குப் பின்னாலிருந்து, ஈரம் படாமல் சோப்பு டப்பாவில் மடித்து வைத்திருந்த காகிதங்களைக் காட்டினார். காட்டினாரே தவிர, கொடுக்கவில்லை.

"பொட்டலம் சுத்தி வந்த பேப்பர். மொத்தம் ஏழு. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஏபிசிடி தெரியும், கூட்டிப் படிக்க வராது. ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஏழுலயும் அதே ரெண்டு வார்த்தை. அதுக்குக் கீழ செவப்புல ரெட்டைக் கோடு."

மாஸ்டருக்கு மதில் மேல் ஏறாமலே வியர்த்தது.

"குடுங்க, படிச்சுச் சொல்றேன்."

"குளிக்காம தொடக்கூடாது மாஸ்டர்."

"நாலு நாளா பாத்ரூம்லதானே இருக்கீங்க?"

"நான் குளிச்சாச்சு. நீங்க?" பக்தவச்சலம் காகிதங்களைத் துண்டுக்குள் செருகிக்கொண்டார். "இங்கிலீஷ் தெரியாதவனுக்கு எதுக்கு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பணும்? படிச்சுக்கடான்னு அர்த்தம். கரெக்டா இங்கிலீஷ் மாஸ்டரையே அனுப்பிக் கதவைத் தொறக்க வெக்கறாரு. சிட்டிபாபுவுக்கு வேற எடம் பாத்துக் குடுத்துடறேன். ரூம் உங்களுது. நாளைக்கு சாயந்திரம் நானே கிளாஸுக்கு வர்றேன். அங்க வெச்சு ஏழு பேப்பரையும் வாசிச்சு, ஒண்ணொண்ணா அர்த்தம் சொல்லணும்."

மதிலுக்கு அப்பால் சைக்கிள் தடாலென்று கீழே விழுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை, மாலை ஆறரை. பக்தவச்சலம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய புது நோட்டோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் ஏழு பேர். ஏழு பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்திருந்தார்கள். சாமுண்டீஸ்வரி பேனா மூடியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

காகிதங்கள் மாஸ்டர் கைக்கு வந்தன. ஏழு தாள். ஓரத்தில் பின் குத்திய ஓட்டை. ஏழு கையெழுத்து. ஏழும் அவர் ஆறு மாதமாகத் திருத்திய கையெழுத்து.

நேற்று மதில் ஏறியபோது இருந்த கேள்வி சுலபமானது. உயிரா, ரூமா என்று பார்த்தார், குதித்தார். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் ரூம் போகும், ஏழு பேர் போலீஸ் ஸ்டேஷன் போவார்கள். மஸ்கட் போகும். டெலிபோன் வேலை போகும். ஆனால் இந்த அறையில் பொய் வாக்கியத்துக்கு சைபர் என்று சட்டம் போட்டவர் அவர்.

"ம், சொல்லுங்க மாஸ்டர்," என்றார் பக்தவச்சலம், பேனாவைத் திறந்தபடி.

மாஸ்டர் முதல் தாளைப் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"இதுல... 'மழை மெதுவாகக் குறையும்'னு இருக்கு."

"மழையா? நம்ம ஊர்லயா?"

"குறையும்னுதானே எழுதியிருக்கு. பொருத்தமாத்தான் இருக்கு."

பக்தவச்சலம் எழுதிக்கொண்டார். பின்பெஞ்சில் ஏழு தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. மாஸ்டர் பொய் சொல்லி அவர்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. கற்றுக்குட்டி என்றாலும் நன்றாகவே சொன்னார். இரண்டாம் தாள், கூட்டம் குறையும். மூன்றாவது, வெயில். நாலாவது, முழங்கால் வலி.

"ஆமாம் மாஸ்டர், எனக்கு முட்டி வலி உண்டு," என்று சிலிர்த்தார் பக்தவச்சலம்.

ஆறு தாள் முடிந்தது. ஏழாவதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். "இதான் முக்கியமானது. பாருங்க, எல்லாமே பெரிய பெரிய எழுத்து. அதட்டிச் சொல்ற மாதிரி இல்ல?"

மாஸ்டர் படித்தார். நிமிர்ந்து சம்பத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். ஞாயிற்றுக்கிழமை தான் சரிபார்க்கக் கிளம்பி வருவோம் என்று தெரிந்தே சாமுண்டீஸ்வரி அந்த வாக்கியத்தை ஏன் எழுதினாள், தெருமுனையில் இவன் எப்படித் தயாராக நின்றான், பின்மதிலில் கண்ணாடி இல்லாதது எப்படித் தெரிந்தது, எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"என்னா மாஸ்டர்? ஏதாவது கோபமா?"

"கோபம் இல்ல. உத்தரவு." மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். "'வாடகை உயர்வு வருஷா வருஷம் மெலிந்துகொண்டே போக வேண்டும்.'"

பக்தவச்சலம் பேனாவை நிறுத்தினார்.

"அப்படியா எழுதியிருக்கு?"

"இரட்டைக் கோடு போட்டு எழுதியிருக்கு."

பக்தவச்சலம் பெருமூச்சு விட்டார். எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து அவர் படியிறங்கினார். ஏழு பேரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் சிவப்புப் பேனாவைத் திறந்து, அந்தப் பெரிய எழுத்துத் தாளை மேஜையில் விரித்தார். உண்மைக்குப் பத்து மார்க் போட்டார். காகிதம் கிழித்ததற்குப் பத்தைக் குறைத்தார். பிறகு தாளைத் திருப்பி சம்பத்தின் முன்னால் வைத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'வியாழக்கிழமை எங்கள் ரூமுக்காகக் கெஞ்ச ஏழு பேரும் பின்மதில் ஏறிப் போனோம். ஓனர் உள்ளே பாடிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளைப் போட்டது நான். வெளியே நின்று பேரம் பேசலாம் என்று திட்டம். யார் முதலில் பேசுவது என்று இன்றுவரை முடிவாகவில்லை. எங்கள் தைரியம் டெயில் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது.'